ஏழெட்டுப் பேர்

போகிக்கு முதல் நாள் பரணைச் சுத்தம் செய்துகொண்டிருந்த மருமகள், ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். "மாமா, இது வேணுமா, பழைய பேப்பரோட போட்டுரவா?" சிவப்புக் காலிக்கோ ஒட்டிய கணக்கு நோட்டு. முதுகுப் பக்கம் கரையான் லேசாகத் தொட்டிருந்தது. திறந்தால் என் கையெழுத்து. பச்சை மையில் கோடு போட்டுப் பிரித்த கட்டங்கள்: பெயர், வகுப்பு, ஊர், இரத்த வகை. கடைசிக் கட்டத்தின் மேல் 'பி.பி. நம்பர்' என்று எழுதியிருந்தது.

கூடவே எட்டிப் பார்த்த பேத்திக்கு அந்தக் கடைசிக் கட்டம்தான் புரியவில்லை. வீட்டில் போன் இல்லாதவர்கள் பக்கத்து மளிகைக் கடை நம்பரையோ டீக்கடை நம்பரையோ கொடுத்துவைப்பார்கள், நாம் கூப்பிட்டால் கடைக்காரர் ஆள் அனுப்பி அழைத்துவருவார் என்று சொன்னேன். "அதுவரைக்கும் லைன்லயே இருப்பீங்களா தாத்தா?" என்றாள். எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடும். அதனால் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிடுவோம்.

திண்டுக்கல் பக்கத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் வேலை பார்த்தேன். அங்கே நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்த காலத்தில் நான் வைத்திருந்த இரத்த வகைப் பதிவேடு அது. மாணவர்கள் நத்தம், வேடசந்தூர், வடமதுரை, ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். பலர் அவரவர் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளைகள். காலையில் கம்பங்கூழோ பழைய சோறோ குடித்துவிட்டு, பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வருவார்கள். மாலை மூன்றரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது.

1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் நாட்டு நலப்பணித் திட்டம். ஒரு மாணவர் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். எங்கள் கல்லூரியில் அந்த மணி நேரம் பெரும்பாலும் சீமைக்கருவேலம் வெட்டுவதிலும் ஊருணி தூர்வாருவதிலும் போய்க்கொண்டிருந்தது. அதுவும் நல்ல வேலைதான். ஆனால் பொறுப்பு என்னிடம் வந்ததும் இரத்ததான முகாம் நடத்தியே தீர வேண்டும் என்று நினைத்தேன். அதற்குக் காரணம் என் அக்கா.

அக்காவின் இரண்டாவது பிரசவத்தின்போது நானே கல்லூரி மாணவன். பிள்ளை பிறந்துவிட்டது, இரத்தப்போக்கு நிற்கவில்லை. "ரெண்டு பாட்டில் ரத்தம் ஏற்பாடு பண்ணுங்க" என்று மாமாவிடம் சொன்னார்கள். அந்தக் காலத்தில் பெரியாஸ்பத்திரி வாசல்களில் இரத்தம் விற்பவர்கள் இருந்தார்கள். எதிர் டீக்கடையில் சொன்னால் ஆள் வரும். மாமா ஒருவரை அழைத்துவந்தார். ஒட்டிய கன்னம், வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை. சட்டையைச் சுருட்டியபோது முழங்கை மடிப்பெல்லாம் தழும்பு. பேசிய பணம் போக இட்லிக்குத் தனியாகக் காசு கேட்டார். அக்கா பிழைத்துக்கொண்டாள். சோற்றுக்கில்லாத ஒருவரின் உடம்பிலிருந்து வாங்கித்தான் அவளைக் காப்பாற்றினோம் என்ற எண்ணம் மட்டும் என்னைவிட்டுப் போகவே இல்லை. 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு இரத்தம் வாங்குவது தடைசெய்யப்படும்வரை அந்த வாசல் வியாபாரம் பல ஊர்களிலும் நடந்துகொண்டுதான் இருந்தது.

முதல் முகாமுக்கு அக்டோபர் 1ஆம் தேதியைக் குறித்தோம். தேசியத் தன்னார்வ இரத்ததான நாள், மறுநாள் காந்தி ஜெயந்தி. சார்ட் பேப்பரில் மாணவர்களே எழுதி ஒட்டினார்கள். எங்கள் அணியின் தொண்டர்கள் நூறு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். நூலகத்தின் வாசிப்புக் கூடத்தைக் காலி செய்து, விடுதியிலிருந்து கட்டில் தூக்கிவந்து போட்டோம். கொடுத்து முடித்தவர்களுக்கென்று சிறுமலைப் பழம் ஒரு தார், பிஸ்கெட், பெரிய அண்டாவில் எலுமிச்சைச் சாறு. பெரியாஸ்பத்திரி இரத்த வங்கி வேன் ஒன்பது மணிக்கே வந்துவிட்டது. அந்தக் கூடத்துப் பழைய புத்தக வாடையில் ஸ்பிரிட் மணம் கலந்து ஏறியது இன்னும் நினைவிருக்கிறது.

வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். வரிசையில் இரண்டாவதாக நின்ற பையன், முன்னால் படுத்திருந்தவன் கையில் ஊசி இறங்குவதைப் பார்த்ததுமே மயங்கிச் சரிந்தான். காலைத் தூக்கிவைத்துத் தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஆனால் 'ரத்தம் எடுத்து ஒருத்தன் விழுந்துட்டான்' என்ற செய்தி அவன் எழுவதற்குள் சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டிவிட்டது. அவனிடமிருந்து ஒரு சொட்டுக்கூட எடுக்கவில்லை என்பதை யார் கேட்டார்கள்? கையெழுத்துப் போட்ட தொண்டர்கள் பலர் மத்தியான பஸ்ஸுக்கே ஊருக்குப் போய்விட்டார்கள். பன்னிரண்டு மணிக்கெல்லாம் கூடத்தில் நாங்களும் காலிக் கட்டில்களும்தான். பழத்தார் பாதிகூடக் குறையவில்லை.

பிள்ளைகளின் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் எச்.ஐ.வி. கிருமியை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறிந்த பிறகு, ஊசி என்றாலே எய்ட்ஸ் என்று பேச்சு பரவியிருந்தது. சினிமாவிலோ தாயையும் மகனையும் பக்கத்துப் பக்கத்தில் படுக்கவைத்து ஒரு ரப்பர் குழாயால் இணைத்துவிடுவார்கள், கொடுத்தவனுக்கு அடுத்த காட்சியில் உயிர் போய்விடும். கிராமத்துப் பையன் வேறு எங்கே பார்த்திருப்பான்?

இரத்த வங்கியிலிருந்து வந்தவர் நடுவயது டாக்டரம்மா. தெர்மாகோல் பெட்டியை மூடிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். "என்ன சார், இடிஞ்சு போயிட்டீங்க?"

"நூறு பேர்னு சொல்லி உங்கள வரவழைச்சேன் மேடம்."

"நூறு பேர் வந்திருந்தா எனக்கு ஃப்ரிட்ஜுல எடம் கெடையாது. முப்பத்தஞ்சு நாள் தாண்டினா ரத்தம் கெட்டுப்போயிரும், கீழதான் கொட்டணும். இந்த ஏழெட்டுப் பை இன்னிக்கு ராத்திரி பிரசவ வார்டுக்கு ஆகும். அடுத்தது எப்பன்னு சொல்லுங்க."

அன்று மாலை விடுதியில் அந்த ஏழெட்டுப் பேரைத் தேடிப் போனேன். பழத்தாரில் மிச்சமிருந்ததை எடுத்துப் போயிருந்தேன். கையில் பிளாஸ்திரியோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பெயரை எழுதத்தான் அந்தக் காலிக்கோ நோட்டை வாங்கினேன்.

அடுத்த முகாமைத் தை மாதம் வைத்தோம். அது நடக்கவே இல்லை. தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறவர்கள் எங்கள் ஊர்ச் சாலை வழியாகத்தான் நடப்பார்கள். மாணவர்களில் பாதிப் பேர் மாலை போட்டு விரதத்தில் இருந்தார்கள். விரதக்காரன் உடம்பில் ஊசி படக்கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். பல்கலைக்கழகத் தேர்வு தேதி வேறு முன்னால் வந்துவிட்டது. அறிவிப்புப் பலகையில் 'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதிய அன்று, ஓய்வறையில் ஒரு மூத்த ஆசிரியர், "தம்பி, பாடத்த நடத்தினோமா, வீட்டுக்குப் போனோமான்னு இருங்க. இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒண்ணும் ஏறாது" என்றார். என்மேல் இருந்த அன்பில்தான் சொன்னார். ஆனால் பிள்ளைகளைப் பற்றி அவர் சொன்னதை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

மேடைப் பேச்சை விட்டுவிட்டு, மாலையில் விடுதி அறைகளுக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். ஒரு அறையில் நாலு பேர் இருந்தால் நாலு கேள்வி வரும். ஆண்மை குறையுமா சார்? கபடி ஆட முடியுமா? எங்க தாத்தாவுக்குச் சர்க்கரை இருக்கு, நான் குடுக்கலாமா? இந்தக் கேள்விகளை நூறு பேர் உள்ள கூட்டத்தில் எழுந்து நின்று எவன் கேட்பான்?

முதல் முகாமில் கொடுத்த வேடசந்தூர் பக்கத்துப் பையன் ஒருவனின் அம்மா, அவன் கையில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு அடுத்த திங்கட்கிழமை கல்லூரிக்கே வந்துவிட்டார். தோளில் துண்டும் கையில் மஞ்சள் பையுமாக, வராந்தாவில் நின்று சத்தம் போட்டார். "ஒரு சொட்டு ரத்தம் ஊற ஒரு படி சோறு திங்கணுமே அய்யா! கூலி வேல பாத்து நான் வளத்த புள்ள. கேக்காமக் கொள்ளாம எடுத்துட்டீகளே!" பையன் தூணுக்குப் பின்னால் நின்றான். அவனுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது, கையெழுத்தும் போட்டிருந்தான். அந்த அம்மாவிடம் போய்ச் சட்டத்தைப் பேச எனக்கு மனம் வரவில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊருக்குப் போனேன். திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். உடம்பில் ஐந்து லிட்டர் அளவு ஓடுகிறது, எடுத்தது 350 மில்லி, ரெண்டு காப்பி டம்ளர் அளவு என்றேன். நீர்ச்சத்து ஓரிரு நாளில் சேர்ந்துவிடும், சிவப்பணு ஊறத்தான் வாரக்கணக்கில் ஆகும், அதற்காகத்தான் மூன்று மாதம் விடச் சொல்கிறார்கள் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கடைசியில் அக்கா கதையைச் சொன்னேன். கீரை உருவுவது நின்றது. "பொம்பளப் புள்ளைக்கா போகும், இவன் ரத்தம்?" என்று கேட்டார். யாருக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது, பிரசவ வார்டுக்குத்தான் நிறையப் போகிறது என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தை முகாம் நின்றுபோன பிறகு நடந்த அடுத்த முகாம் அன்று அவன் வந்து முதல் ஆளாகக் கட்டிலில் படுத்தான். "அம்மா எடுத்துக்கச் சொல்லிருச்சு சார். ரெண்டு முட்டை வாங்கிக் குடுக்கணுமாம்." வாங்கிக் கொடுத்தேன். அன்றுமுதல் எங்கள் முகாம்களில் பிஸ்கெட்டோடு அவித்த முட்டையும் உண்டு.

அந்த முகாமுக்கும் கூட்டம் அலைமோதவில்லை. டாக்டரம்மா சொன்ன 35 நாள் கணக்கு மனதில் இருந்ததால், ஒரே நாளில் கல்லூரியையே கூட்டும் எண்ணத்தை விட்டுவிட்டோம். இந்த மாதம் வேதியியல் துறை, அடுத்தது வணிகவியல் என்று துறை துறையாகப் பிரித்துக்கொண்டோம். கோடை விடுமுறையில் கல்லூரிகள் மூடிவிடுவதால் இரத்த வங்கி அலமாரி வறண்டுபோகும் என்று தெரிந்ததும், ஏப்ரல் தேர்வு முடியும் நாளில் ஒன்று வைத்தோம். செய்தித்தாளில் போட அதில் ஒன்றும் இல்லை. பேருக்காகப் பெரிதாக நடத்தும் முகாமைவிட இதுவே மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

கல்லூரியில் மாணவிகள் சேர ஆரம்பித்த பிறகு நடந்த ஒரு முகாமைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்து மயில்துத்தக் கரைசலில் விடுவார்கள். நீல நிறக் கரைசல். சொட்டு உடனே மூழ்கினால் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறது, கொடுக்கலாம். மிதந்தால் முடியாது. அன்று ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகள்தான் அதிகம் வந்திருந்தார்கள். பயமே இல்லை. ஆனால் ஒவ்வொருவர் சொட்டும் மிதந்தது. பலருக்கு எடை 45 கிலோவைத் தொடவில்லை. வரிசை அப்படியே திரும்பிப் போனது. நத்தம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் அழுதுவிட்டாள். "எனக்கு ரத்தமே இல்லையா மேடம்?"

டாக்டரம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். கொடுப்பதற்கான அளவு வேறு, நோய் என்று சொல்வதற்கான அளவு வேறு என்று முதலில் தைரியம் சொன்னார். பிறகு காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை. நேற்று ராத்திரி? தம்பிகளும் அப்பாவும் சாப்பிட்ட பிறகு மிச்சம். அடுத்த பெண்ணிடம் கேட்டார், அதே பதில். என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "சார், இவங்ககிட்ட நாம வாங்க வரலாமா? நாமதான் இவங்களுக்குக் குடுக்கணும்."

முகாம் என்று பார்த்தால் அது தோல்வி. எடுத்துப் போன பைகள் மிகக் குறைவு. ஆனால் என் பணிக்காலத்தில் நடத்திய எல்லாவற்றிலும் அதிகப் பலன் தந்தது அந்த நாள்தான் என்பேன். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் வாங்கினோம். விடுதிச் சமையலில் வாரம் இருமுறை முருங்கைக்கீரை, மாலையில் கடலை உருண்டை. தினம் வந்து போகும் பெண்களுக்கும் உருண்டை உண்டு. மாத்திரை சாப்பிட்டதும் டீ குடிக்கக்கூடாது என்பதை அவர்களே சுவரொட்டியாக எழுதினார்கள். சில மாதம் கழித்து மறுபடி சோதித்தபோது, எல்லோருக்கும் இல்லை, ஆனால் கணிசமானவர்களுக்குச் சொட்டு மூழ்கியது. ஒவ்வொன்றும் மூழ்கும்போது அந்தப் பெண்கள் கைதட்டினார்கள். அழுத பெண்ணுக்கு அப்போதும் மிதந்தது. அடுத்த வருடம் மூழ்கியது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில்கூடத் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை என்று வந்திருக்கிறது. அதைப் படித்தபோது அந்த நீலக் கரைசலின் மேல் நின்ற சொட்டுகள்தான் கண்ணில் வந்தன.

இடையில் ஒரு பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் ஒரு நடிகரின் ரசிகர் மன்றத்தில் பொறுப்பில் இருந்தான். பாடத்தில் சுமார். நடிகரின் பிறந்தநாளுக்குத் தோரணம் கட்டுவதிலும் பால்குடம் எடுப்பதிலும் முன்னால் நிற்பான். அவனைக் கூப்பிட்டு, "இந்தப் பிறந்தநாளுக்கு இரத்தம் கொடுத்தா என்னப்பா?" என்று கேட்டேன். அவன் கூட்டிவந்த படையைப் பார்த்து டாக்டரம்மாவே பைகள் போதாது என்று சிலரை இன்னொரு தேதிக்கு வரச் சொன்னார். சொன்ன தேதியில் அவன் பொறுப்பாக அழைத்தும் வந்தான். சினிமாப் பைத்தியம் என்று அந்தப் பிள்ளைகளை ஒதுக்கியவர்கள் அன்று வந்து பார்த்திருக்க வேண்டும்.

நோட்டில் ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெயர் ஒன்றின் எதிரே சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன். ஓ நெகடிவ். நம் நாட்டில் நெகடிவ் வகை நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். ஒரு விடுமுறை நாள் இரவு பத்து மணிக்கு மேல் பிரசவ வார்டிலிருந்து விடுதிக் காப்பாளருக்குப் போன் வந்து, அவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். பையன் ஊரில் இருந்தான். பி.பி. நம்பர் ஒரு டீக்கடை. நல்லவேளை, கடைக்காரர் கடைக்குள்ளேயே படுத்திருந்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அவனை எழுப்பினார். அந்நேரத்தில் பஸ் ஏது? சந்தையிலிருந்து கிளம்பிய காய்கறி லாரியில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே ஏறி வந்து சேர்ந்தான். கூடவே டீக்கடைக்காரரும் வந்திருந்தார். பையனைத் தனியாக அனுப்ப மனமில்லையாம். இரத்த வங்கியில் பரிசோதித்து எடுத்து முடித்தபோது விடிந்துகொண்டிருந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று மறுநாள் சொன்னார்கள். பையன் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டான். கடைக்காரர் மட்டும் நின்று, "என்னுது என்ன வகைன்னு பாத்துச் சொல்லுங்க சார்" என்று கையை நீட்டினார். கல்லூரிப் பதிவேட்டில் டீக்கடைக்காரர் பெயர் ஏறியது அப்படித்தான்.

இன்று எல்லார் கையிலும் போன். 'அவசரம், பி பாசிடிவ் தேவை' என்று ஒரு செய்தி வந்தால் நிமிடத்தில் நூறு குழுவுக்குப் போய்விடுகிறது. மனம் நிறைந்துதான் பார்க்கிறேன். ஒரு குறை மட்டும் உண்டு. நோயாளி குணமாகி வீட்டுக்குப் போன பிறகும் அதே செய்தி மாதக்கணக்கில் சுற்றுகிறது. அனுப்புகிறவர்கள் தேதியையும் ஆஸ்பத்திரி பெயரையும் போட்டு, தேவை தீர்ந்ததும் 'கிடைத்துவிட்டது' என்று இன்னொரு செய்தி போட வேண்டும். அந்த டீக்கடைக்காரர் அத்தனை தூரம் கூடவே வந்தாரே, அந்தப் பொறுப்பில் பாதி இருந்தால் போதும்.

சென்ற மாதம் பழைய கல்லூரியிலிருந்து ஓர் இளம் ஆசிரியர் வந்திருந்தார். புதிதாகத் திட்ட அலுவலர் ஆகியிருக்கிறார். புத்தகக் கண்காட்சிக்குப் பிள்ளைகளை அழைத்துப்போக பஸ் ஏற்பாடு செய்தாராம், பாதி இருக்கை காலி. தெருமுனை நாடகத்துக்கு ஒத்திகை வைத்தாராம், மூன்றாம் நாள் கதாநாயகனே வரவில்லை. இனி எதுவும் வேண்டாம் என்ற முடிவோடு பேசினார். பாதி இருக்கையில் உட்கார்ந்து போனவர்கள் யார் யார் என்று கேட்டேன். சிலரின் பெயரைச் சொன்னார், சிலருடையது தெரியவில்லை. முதலில் அவர்களைத் தேடிப்பிடித்து எழுதிக்கொள்ளச் சொன்னேன். அடுத்த தேதியை அவர்களிடமே கேளுங்கள், அவர்கள் சொல்லும் தேதியில் வையுங்கள் என்றேன். வராதவர்களைத் திட்டுவதில் செலவாகும் நேரத்தை வந்தவர்களோடு உட்கார்ந்து கழிக்கலாம். அவர் நாடகத்தை மறுபடி எடுத்திருக்கிறார். இரத்ததானத்தைப் பற்றித்தான் நாடகம்.

இதைப் படிக்கும் திட்ட அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி மூடும் முன்பு, சித்திரை வெயிலுக்கு முன்னால், சிறியதாக ஒரு முகாம் வையுங்கள். எத்தனை பேர் வந்தாலும் வேனை அனுப்பும் முன்பே அடுத்த தேதியை வாங்கிவிடுங்கள். மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும்: 18 வயது நிறைந்து, 45 கிலோ எடையும் 12.5 கிராம் ஹீமோகுளோபினும் இருந்தால் கொடுக்கலாம். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை. வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். 65 வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். நான் அந்த வயதைத் தாண்டிவிட்டேன், நீங்கள் போய்க் கொடுங்கள்.